ஷீன் மைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்க் பேனாவுக்குத் திரும்பியவர்களும் அதைப் புதிதாகப் பழகுபவர்களும் என்னிடம் மிகுதியாகக் கேட்பது ஒரு வகை மையைப் பற்றித்தான். எழுதும்போது நீலமாகவோ ஊதாவாகவோ இருந்து, உலர்ந்தபின் தாளைச் சற்றுச் சாய்த்தால் சிவப்பாகவோ செம்பாகவோ பச்சை கலந்த பொன்னாகவோ மின்னும் மை அது. அந்த மின்னலைப் பேனா ஆர்வலர்கள் ஷீன் என்கிறார்கள். வரும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றேபோல இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து விடையளித்திருக்கிறேன்.

ஷீன் மையில் பளபளக்கிற பொடி ஏதாவது கலக்கிறார்களா?

இல்லை. பொடி கலந்தவை ஷிம்மர் மைகள். அவற்றில் மைக்கா போன்ற நுண்துகள்கள் இருக்கும். புட்டியை அசையாமல் வைத்தால் அவை அடியில் படிந்துவிடும் என்பதால், நிரப்பும் முன் குலுக்க வேண்டும். ஷீன் மையில் அப்படி எந்தத் துகளும் கிடையாது. நீர், அதில் கரைந்த சாயம், ஓட்டத்தையும் உலர்வதையும் சீராக்கும் சில துணைப்பொருள்கள், அவ்வளவுதான். மின்னுவது சாயமேதான்.

ஒரே எழுத்தின் ஒரு பகுதி வெளிறியும் மறு பகுதி அடர்ந்தும் தெரிவதை ஷேடிங் என்பார்கள். அது ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கம். ஷீன் என்பது அடிப்படை நிறத்துக்கு முற்றிலும் வேறான இன்னொரு நிறம் மேற்பரப்பில் தோன்றுவது. ஷிம்மரும் ஷீனும் ஒரே மையில் சேர்ந்திருப்பதும் உண்டு. பிரான்சின் ஜே. எர்பன் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட எமரால்டு ஆஃப் சிவோர் என்ற மையில் பொன்துகள்களும் இருக்கின்றன, சிவப்பு ஷீனும் இருக்கிறது. இந்தக் குழப்பம் பரவியதற்கு இத்தகைய மைகளும் ஒரு காரணம்.

நீல மைக்குள்ளிருந்து சிவப்பு எப்படி வருகிறது?

நீலச் சாயம் நீலமாகத் தெரிவதற்குக் காரணம், வெள்ளொளியில் உள்ள சிவப்பையும் ஆரஞ்சையும் அது விழுங்கிவிட்டு மற்றதை விட்டுவிடுவதுதான். நீரில் கரைந்தோ தாளின் இழைகளுக்குள் ஊறியோ இருக்கும் வரை நமக்குத் தெரிவது இந்த எஞ்சிய நீலம். ஆனால் அதே சாயம் நீர் வற்றி, திண்மமான மெல்லிய படலமாகத் தாளின் மேல் தங்கும்போது, ஒளியோடு அது நடந்துகொள்ளும் முறை மாறிவிடுகிறது. மிக வலுவாக எந்த நிறத்தை விழுங்குகிறதோ, அந்த நிறத்தையும் அதை ஒட்டிய நிறங்களையும் படலத்தின் மேற்பரப்பு ஓர் உலோகத்தைப்போலத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே நீலத்தின் மேல் சிவப்பு. ஊதாச் சாயம் பச்சையையும் மஞ்சளையும் விழுங்குவது. அதன் மேல் பொன்னும் பச்சையும் தெரியும். சிவப்பு மையின் மேல் பச்சைப் பொன் தெரிவதும் இதே கணக்குத்தான்.

இது பேனா மைக்கு மட்டும் உரிய விந்தை அன்று. குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜென்ஷியன் வயலட் மருந்தை நினைத்துப் பாருங்கள்: தண்ணீரில் ஆழ்ந்த ஊதா, ஆனால் புட்டியின் வாயில் வழிந்து காய்ந்த இடத்தில் பச்சை கலந்த பொன்மினுக்கம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இன்றும் செய்யப்படும் அவுரி நீலக்கட்டியை நகத்தால் தேய்த்தால் தேய்த்த இடம் செம்பாக மின்னும்; நல்ல நீலத்துக்கு அதையே அடையாளமாகக் கொள்வது பழைய வழக்கம். சாயத் தொழிலும் அச்சுத் தொழிலும் நெடுங்காலமாக அறிந்திருந்த ஒரு பண்பைத்தான் இன்று மைப்புட்டிக்குள் தேடி மகிழ்கிறோம்.

மழைத் தண்ணீரில் பெட்ரோல் மிதக்கும்போது வானவில் நிறம் தெரியுமே, அதுவும் இதுவும் ஒன்றா?

இரண்டுக்கும் காரணம் வேறு. பெட்ரோல் படலத்தில் மேல்பரப்பிலிருந்தும் கீழ்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிறங்களை உண்டாக்குகின்றன. படலத்தின் கனம் மாறும் இடமெல்லாம் நிறமும் மாறி, வானவில்லின் அத்தனை வண்ணங்களும் வரிசையாகத் தெரியும். ஷீனில் அப்படி நிகழ்வதில்லை. சாய்க்கும் கோணத்தைப் பொறுத்து நிறம் சற்றே நகரலாம். ஆயினும் ஒரு மையின் ஷீன் பெரும்பாலும் ஒரே நிறக் குடும்பத்துக்குள்ளேயே நிற்கும், ஏனெனில் அதைத் தீர்மானிப்பது, முந்தைய விடையில் சொன்னபடி, சாயம் எந்த நிறத்தை விழுங்குகிறது என்பதே.

இது புதிதாக வந்த மோகமா?

மோகம் புதிது; மை பழையது. 1990-களில் விற்ற பார்க்கர் பென்மன் சஃபையர் என்ற நீல மை தன் சிவப்பு மினுக்கத்துக்காகவே இன்றும் நினைவுகூரப்படுகிறது. உற்பத்தி நின்று நெடுநாளாகியும் மிச்சமிருக்கும் புட்டிகளைத் தேடுவோர் உண்டு. 2010-இல் எர்பன் வெளியிட்ட ரூஜ் ஹெமட்டீட், அடர்சிவப்பின் மேல் பச்சைப் பொன்னைக் காட்டிப் பலரை இந்தப் பக்கம் திருப்பியது. அதன்பின் ஷீனையே நோக்கமாகக் கொண்டு மை செய்வது வழக்கமாகிவிட்டது.

முதல் முறை வாங்குகிறேன். எந்த மை நல்லது?

முதல் புட்டியாகக் கடுமையான ஷீன் மையை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1864-இல் தொடங்கிய பிரிட்டனின் டயமைன் நிறுவனத்தின் மெஜஸ்டிக் ப்ளூ நல்ல தொடக்கம்: அன்றாடம் எழுதத்தக்க நீலம், தகுந்த தாளில் தெளிவான சிவப்பு. 30 மி.லி. சிறு புட்டியிலும் கிடைப்பதால் பிடிக்காவிட்டாலும் இழப்பு குறைவு. ஜப்பானின் பைலட் நிறுவனம் செய்யும் இரோஷிசுகு வரிசையில் யாமாபுதோ என்ற ஊதாச் செம்மை, பச்சைப் பொன் ஷீனை அடக்கமாகக் காட்டும். அதே வரிசையின் கோன்பெகி என்ற வான்நீலத்தில் எழுத்தின் ஓரங்களில் மட்டும் மெல்லிய சிவப்பு எட்டிப்பார்க்கும். ஆஸ்திரேலியாவின் ராபர்ட் ஆஸ்டர் வரிசையில் ஃபயர் அண்ட் ஐஸ் என்ற நீலப்பச்சை பலருக்குப் பிடித்தது. நம் அருகில் கேரளத்தில் உருவாகும் கிருஷ்ணா மைகளிலும் ஷீன் உள்ளவை இருக்கின்றன.

இவற்றையெல்லாம் பழகியபின் டயமைனின் நவம்பர் ரெய்ன், அமெரிக்காவின் ஆர்கானிக்ஸ் ஸ்டுடியோ செய்யும் நைட்ரஜன் ஆகியவற்றுக்கு வரலாம். நைட்ரஜன் அடிப்படையில் ராயல் ப்ளூ. ஆனால் நல்ல தாளில் எழுத்து முழுவதையும் சிவப்பு மூடிவிடும் அளவுக்குச் சாயம் செறிந்தது. அதன் அழகும் தொல்லையும் ஒரே அளவில் வரும் என்பதைப் பின்வரும் விடைகளில் பார்க்கலாம்.

வீடியோவில் அப்படி மின்னியது. அதே மையை வாங்கி என் நோட்டில் எழுதினால் வெறும் நீலம்தான். போலி மையா?

என்னிடம் வரும் கேள்விகளில் இதுவே முதலிடம். மை பெரும்பாலும் நல்ல மைதான். குறை தாளில் இருக்கிறது. சாயம் தாளின் மேல் படலமாகத் தங்கினால்தான் ஷீன் என்று மேலே சொன்னேன். நம் சாதாரண நோட்டுகளும் ஜெராக்ஸ் தாளும் மையை உறிஞ்சி இழைகளுக்குள் இழுத்துக்கொள்கின்றன. சாயம் உள்ளே போய்விட்டால் மேலே படலம் உருவாக வழியில்லை. எத்தனை விலையுயர்ந்த மையாக இருந்தாலும் அங்கே ஷீன் பிறக்காது.

மையையும் தாளையும் தனித்தனியே சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சுத்தமான கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டு மையைத் தடவி முழுவதும் உலர விடுங்கள். கண்ணாடி எதையும் உறிஞ்சாது. அங்கே ஷீன் தெரிந்து உங்கள் நோட்டில் தெரியாவிட்டால் மாற்ற வேண்டியது நோட்டு. அங்கேயும் தெரியாவிட்டால் மையே அப்படிப்பட்டது. புதிய புட்டி திறந்தவுடன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் வீண் ஏமாற்றம் இராது.

தாளின் உறிஞ்சும் தன்மையைக் கட்டுப்படுத்துவது, தயாரிப்பின்போது சேர்க்கப்படும் பசைப்பொருள்களும் மேற்பூச்சும் ஆகும். கனத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. தடித்த தாளென்றால் மைக்கு நல்லது என்று நம்பி 100 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாள் வாங்கி ஏமாந்தவர்கள் பலர். உலகிலேயே ஷீனுக்குப் பேர்போன தாளோ 52 ஜி.எஸ்.எம். கனமே உள்ள, மறுபக்கம் நிழலாடும் மெல்லிய தாள்.

அந்தத் தாள் டோமோயே ரிவர்தானே? அது நின்றுவிட்டது என்கிறார்களே?

ஆம், அதுதான். ஜப்பானின் டோமோயேகாவா ஆலை செய்துவந்த தாள் அது. அந்த ஆலை உற்பத்தியை நிறுத்த முடிவு செய்ததும், 2021-இல் சான்சென் என்ற மற்றொரு ஜப்பானிய ஆலை அதை ஏற்றுக்கொண்டது; இன்று டோமோயே ரிவர் எஸ் என்ற பெயரில் வருவது அதன் தயாரிப்பு. பழைய தாளில் ஷீன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது என்பது நெடுநாள் பயனர்கள் பலரின் கருத்து. ஆனாலும் புதிய தாள் எந்தச் சாதாரண நோட்டையும்விட மிக மேலானது. புதிதாகத் தொடங்குபவர் பழையதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அவ்வளவு செலவு செய்ய முடியாது. வேறு தாள்?

பிரான்சின் ரோடியா, கிளேர்ஃபோந்தேன் தாள்களில் ஷீன் மிதமாகத் தெரியும். ஜப்பானின் மிடோரி எம்.டி. தாளிலும் அப்படியே. இவையும் விலை கூடுதலென்றால், முழு நோட்டு வாங்காமல் சில தாள்களை மட்டும் நண்பர்களோடு பகிர்ந்து வாங்குங்கள். கடிதத்துக்கும் கையெழுத்துப் பயிற்சிக்கும் நல்ல தாள், கணக்கு எழுதச் சாதாரணத் தாள் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

கடையில் தாளைச் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால், ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு கூர்மையாக நின்று, ஈரம் சில நொடிகள் மேலே பளபளத்துக்கொண்டிருந்தால் அந்தத் தாளில் ஷீனுக்கு வாய்ப்புண்டு. போட்டவுடன் மங்கி ஓரம் பிசிறினால் இல்லை.

மெல்லிய நிப் வைத்திருக்கிறேன். ஷீன் பார்க்கவே முடியாதா?

முடியும், ஆனால் குறைவாக. மெல்லிய நிப் விடும் மையின் அளவு சிறிது, படலமும் மெல்லிது. அகன்ற நிப்பும், தாராளமாக மை விடும் பேனாவும், அழுத்தினால் விரியும் நிப்பும் ஷீனை நன்கு வெளிக்கொணரும். மெல்லிய நிப்பில் எழுத்தின் முடிவிலும், வளைவுகள் சேரும் இடத்திலும் மை சிறிது தேங்கும். தமிழ் எழுத்துகளில் சுழிகளும் வளைவுகளும் மிகுதி என்பதால் அத்தகைய இடங்கள் நமக்கு நிறையவே அமைகின்றன. ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிகளில் பாருங்கள், அங்கே சிவப்பு தெரியும்.

பேனாவில் பத்து நாள் கிடந்த பிறகு ஷீன் கூடியிருக்கிறது. மை கெட்டுவிட்டதா?

கெடவில்லை, நீர் ஆவியாகிச் சாயம் செறிந்திருக்கிறது. மூடி இறுக்கமாக இல்லாத பேனாக்களில் இது விரைவில் நிகழும். மறுபுறம், மையில் நீர் சேர்த்தால் ஷீன் குறையும். இதைத் தெரிந்துகொண்டால் ஷீனின் அளவு ஓரளவு உங்கள் கையில் வந்துவிடுகிறது. ஆனால் செறிவைக் கூட்ட வேண்டும் என்பதற்காகப் புட்டியையே திறந்து வைக்காதீர்கள். தூசியும் பூஞ்சையும் புகும். சிறு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து முயன்று பாருங்கள்.

எழுதி மூன்று நாளாகியும் விரலில் ஒட்டுகிறது. காயவே காயாதா?

உலராமல் இருப்பதும், உலர்ந்தபின் மீண்டும் இளகுவதும் வேறு வேறு. முதலாவதற்குக் காரணம் தாள்: நல்ல தாள் மையை உறிஞ்சாததால், நீர் முழுவதும் காற்றில்தான் போயாக வேண்டும், அதற்கு அரை நிமிடத்திலிருந்து பல நிமிடங்கள் வரை ஆகலாம். இது பொறுத்திருந்தால் தீர்வது. இரண்டாவது தீராதது. படலமாக மேலே நிற்கும் சாயம் நீரில் கரைவது. தாளின் இழைகள் அதைப் பற்றிப் பிடித்திருக்கவில்லை. விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பட்டால் மூன்று நாள் கழித்தும் கரையும், மூன்று மாதம் கழித்தும் கரையும். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரமே படலத்தைப் பிசுபிசுப்பாக வைத்திருக்கப் போதும். குளிர்நாட்டில் இருப்பவர் ஒரு மையை ‘நன்றாக உலர்கிறது’ என்று பாராட்டினால், நம் ஊர் ஐப்பசி மாதத்துக்கு அந்தச் சான்று செல்லாது.

ஷீனைக் காட்டும் அதே படலம்தான் கையிலும் ஒட்டுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை முற்றிலும் நீக்க முடியாது. குறைக்க வழிகள் உண்டு. எழுதும் கைக்கு அடியில் ஒரு தாளை வையுங்கள். நோட்டை மூடும் முன் பக்கங்களுக்கிடையே மெழுகுத்தாளோ வெற்றுத்தாளோ வையுங்கள். இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் எழுத்தின் அச்சு விழும். மிகச் செறிந்த மைகளில் வாலைவடிநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள். நான்கு பங்கு மைக்கு ஒரு பங்கு நீர் என்ற அளவில் தொடங்கலாம். மையொற்றுத்தாளை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது மேலே நிற்கும் சாயத்தை எடுத்துவிடும், ஷீனும் அதோடு போய்விடும்.

இந்த மைகள் பேனாவைக் கெடுக்குமா?

நல்ல நிறுவனங்களின் ஷீன் மைகள் பேனாவை அரிப்பதில்லை. ஆனால் சாயம் செறிந்திருப்பதால் கறை படியும்; நிப்பைச் சுற்றி உலர்ந்து பொருக்காகும்; சில நாள் எழுதாமல் வைத்தால் முதல் கோடு வராது. உடல் ஒளிபுகும் பிளாஸ்டிக்காக இருக்கும் பேனாக்களிலும், வெளிர்நிறப் பழைய செல்லுலாய்டு பேனாக்களிலும் இவற்றை நிரப்ப வேண்டாம். கன்வெர்ட்டர், அதாவது கழற்றி மாட்டத்தக்க மையுறிஞ்சும் சிறு குழாய், உள்ள பேனா பாதுகாப்பானது: கறை பட்டாலும் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றிவிடலாம். திருவள்ளூரில் செய்யப்படும் ரங்கா பேனாக்களைப் போல எபோனைட் என்ற கடின ரப்பரில் கடைந்த கறுப்புப் பேனாக்கள் கறையைக் காட்டுவதில்லை. ஆனால் உடலிலேயே மை ஊற்றும் பேனாவில் ஒரு முறைக்கு அதிக மை செல்வதால், அது தீரும் வரை வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

எப்படிக் கழுவ வேண்டும்?

ஒவ்வொரு முறை மை தீர்ந்ததும், அடுத்த மையை நிரப்பும் முன், சாதாரண நீரை இழுத்து வெளியேற்றித் தெளிந்த நீர் வரும் வரை கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். அதிலும் போகாவிட்டால் பத்துப் பங்கு நீருக்கு ஒரு பங்கு வீட்டு அம்மோனியாக் கரைசலும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, நிப் பகுதியைச் சிறிது நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல நீரில் பலமுறை அலசுங்கள். எபோனைட் உடலை நீரில் ஊறப்போடக் கூடாது. நிறம் மங்கிப் பழுப்பேறும்.

இரண்டு ஷீன் மைகளைக் கலந்தால் இரண்டு ஷீனும் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கலவையில் இரண்டு சாயங்களும் ஒரே படலத்தில் விரவி நிற்பதால், ஒவ்வொன்றும் தனித்துத் திருப்பும் ஒளி மங்கிவிடுவதே மிகுதி. அதைவிடப் பெரிய சிக்கல், அமிலத்தன்மையும் துணைப்பொருள்களும் வேறுபடும் மைகள் சேர்ந்து வீழ்படிவு உண்டாக்கலாம் என்பது. அது பேனாவின் நுண்வழிகளை அடைத்துவிடும். ஆசை தீராவிட்டால் ஒரு சிறு குப்பியில் கலந்து, ஒரு வாரம் வைத்திருந்து, அடியில் எதுவும் படியவில்லை என்று உறுதி செய்தபின் விலை குறைந்த பேனாவில் ஊற்றுங்கள்.

தேர்வு எழுதவும் காசோலையில் கையெழுத்துப் போடவும் பயன்படுத்தலாமா?

கூடாது. இவை நீர் பட்டால் கலையும் மைகள். தேர்வுத் தாளும் காசோலையும் ஷீனைக் காட்டவும் போவதில்லை. நிலைக்க வேண்டிய எழுத்துக்குப் பிளாட்டினம் கார்பன் பிளாக் போன்ற நிறமித்துகள் மையோ, டயமைன் ரெஜிஸ்ட்ரார்ஸ் போன்ற இரும்பு கலந்த மையோ பொருத்தம்.

ஸ்கேன் செய்தால் ஷீன் காணாமல் போகிறது. படம் எடுப்பது எப்படி?

ஸ்கேனர் வேண்டுமென்றே பளபளப்பைத் தவிர்க்கும் வகையில் அமைந்தது: விளக்கு சாய்வாக ஒளி வீசும், உணரி நேராகப் பார்க்கும். ஷீன் என்பது ஒளி வந்த சாய்வுக்கு எதிர்ச் சாய்வில் மட்டும் திரும்பும் ஒளி. அது உணரியை எட்டுவதே இல்லை. கைப்பேசியில் எடுக்கும்போது, தாளைச் சன்னலோரம் வைத்து, வெளிச்சம் எதிரிலிருந்து வருமாறு நின்று, தாளை மெல்லச் சாய்த்துச் சிவப்பு கண்ணில் பட்ட கோணத்திலேயே எடுங்கள். ஒரே பக்கத்தை நேராக ஒன்று, சாய்வாக ஒன்று என இரண்டு படங்களாகக் காட்டுவதே நேர்மையானது. சாய்வுப் படத்தை மட்டும் பார்த்து மை வாங்கியவர்களிடமிருந்துதான் ‘போலி மையா’ என்ற முந்தைய கேள்வி மிகுதியும் வருகிறது.

பல ஆண்டு கழித்தும் இந்த மினுக்கம் இருக்குமா?

படலம் கலையாத வரை இருக்கும். மூடிய நோட்டில், ஒளியும் ஈரமும் படாமல், பக்கங்கள் உரசாமல் இருந்தால் நெடுங்காலம் நிற்கும். சுவரில் மாட்டினால் வெயிலில் சாயம் வெளுக்கும். பெரும்பாலான சாய மைகளின் இயல்பு அது. கடிதமாக அனுப்பினால் மடிப்பில் உரசி அங்கே மட்டும் ஷீன் தேயும் என்பதால், அஞ்சலில் அனுப்பும் கடிதத்தை ஒரு பக்கம் மட்டும் எழுதி, எழுத்தின் மேல் வெற்றுத்தாள் ஒன்றை வைத்து மடிக்கச் சொல்கிறேன்.